முப்பத்திரண்டில் ஒன்று

ஓசூர் சிப்காட்டில் லாரி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். மிஷின் கூடினால் உற்பத்தி கூடும். இருபது வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு அதுதான். அதை வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

என் மனைவி மருந்து கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்த்தபடியே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வேப்பனப்பள்ளியில் அவள் அப்பா தோட்டத்து மாங்கொட்டையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து, படிகமாக்கி, எக்ஸ்ரே எடுத்திருந்தாள். அதை வைத்து அந்தப் புரதத்தில் ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். இன்னும் சில வாரங்கள்தான் என்றார் டாக்டர்.

"முடிச்சிட்டுப் போறன்" என்றாள்.

வீட்டுக்கே கணினி வாங்குவது என்று முடிவானது. ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு கிடைத்தன. ஒன்று எட்டு கோர் உள்ள புதியது. இன்னொன்று, பெங்களூரில் ஏதோ கம்பெனி கழித்துப்போட்ட முப்பத்திரண்டு கோர் சர்வர். கோர் என்றால் தனித்தனியாகக் கணக்குப் போடும் மூளை என்று அவள்தான் எனக்கு விளக்கினாள்.

"எட்டே போதுங்க, ஆனா வேகமா இருக்கணும். இந்தக் கணக்குல ஒரு சுத்து முடிஞ்சாத்தான் அடுத்த சுத்து. கடைசல் முடியாத பீஸ்ல உங்க லைன்ல ஓட்டை போடுவீங்களா?"

என் பாஷையிலேயே சொன்னாள். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. "முப்பத்திரண்டு பேரு செய்யிற வேலைய எட்டு பேரு செஞ்சிடுவாங்களா?" என்று பெரிய மேதாவி மாதிரி கேட்டுவிட்டு, பெங்களூர் ரோட்டில் ஜூஜுவாடி நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து அந்தச் சர்வரை ஏற்றிவந்தேன்.

அவள் கணக்கை ஓடவிட்டாள். திரையில் கோருக்கு ஒன்றாக முப்பத்திரண்டு கோடுகள். ஒன்று மட்டும் உச்சியில் நின்றது, மற்றதெல்லாம் தரையோடு படுத்துக் கிடந்தன. புதியதில் நாலு நாளில் முடிந்திருக்கும் வேலை, இந்தப் பழைய கோரில் பத்து நாள் ஆகும் என்றாள். மாற்றிவிடலாம் என்றேன். பழைய சாமானை யார் திரும்ப எடுப்பார்கள்? "விடுங்க, ஓடட்டும்" என்றாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆறாம் நாள் பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் மத்தியானம் கண் திறந்தாள்.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சிம்மா" என்றேன்.

முகம் மலர்ந்தது. "ஆர் எவ்ளோ?"

கணக்கு எவ்வளவு சரியாக வந்திருக்கிறது என்று காட்டும் எண் அது. ஒவ்வொரு முறையும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். எனக்குப் பொய்யாகச் சொல்லக்கூட ஒரு எண் தெரியவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். மறுநாள் காலையில் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடித்து வீடு திரும்பியபோது கணினி ஓடி முடித்திருந்தது. ஆர், புள்ளி ஒன்று எட்டு ஆறு. ரொம்ப நல்ல எண் என்று அவளுடைய பேராசிரியர் போனில் அழுதார்.

இப்போதும் லைனில் பீஸ் எண்ணும்போது நடுவில் அந்த எண் வாயில் வந்துவிடுகிறது. திரும்ப முதலிலிருந்து எண்ணுகிறேன்.