பென்சில் ஆஜர்

பெங்களூர்க் குளிரும் கன்னடமும் பத்து நாளில் பழகிவிட்டன. பென்சில்தான் பழகவில்லை. வைட்ஃபீல்ட் பக்கம், முளைத்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் கட்டடங்களுக்கு நடுவே ஒரு தகரப் பட்டறையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுபவர்களின் ஆஜரைக் காலையில் பென்சிலில் எழுதி, ஷிப்ட் முடிந்ததும் அதன்மேல் மையால் எழுதச் சொன்னார்கள். குடியாத்தத்தில் நான் வேலை பார்த்த மில்லில் சங்கு ஊதிய ஐந்தாவது நிமிடம் மை காய்ந்திருக்கும். பிழை திருத்த வசதி என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். படித்தவனுக்குக் காரணமா கிடைக்காது? மானேஜர் நாகராஜ் தினமும் மாலையில், எல்லாரும் முழுதாக வெளியே போன பிறகு, "ஈக பேனா எடுங்க சார்" என்பார், இனி மை போடலாம் என்று. அந்த 'முழுதாக' எனக்கு ஒரு வருஷம் உறைக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கு, பிரஸ் மெஷின் செல்வத்தின் வலது கையில் இறங்கியது. ஆஸ்டின் டவுனில் என் தெருக்காரன். தினமும் என்னோடு ஒரே பஸ்ஸில் வந்தவன். அவனை ஏற்றிய ஆட்டோவின் சத்தம் அடங்குவதற்குள் நாகராஜ் என் மேஜைமேல் புது ரப்பர் ஒன்றை வைத்தார். வாசனை ரப்பர்.

"செல்வம் இவத்து பரலே இல்ல சார். வழியில எங்கயோ விழுந்திட்டான். கொத்தாய்த்தா?"

என் கன்னடம் அரைகுறை. அன்றைக்குப் பார்த்து முழுசாகப் புரிந்தது. செல்வம் அன்று வேலைக்கே வராதவன் என்றால் நஷ்ட ஈடு கிடையாது. மூன்று விரல் போன கைக்கு வேறு வேலையும் கிடையாது.

மத்தியானம் அவன் மனைவி ஸ்டெல்லா கேட்டில் நின்றாள்.

"அண்ணே, அவரு உங்ககூடதான பஸ் ஏறினாரு?"

"ஆமாம்மா."

"அப்ப உங்க நோட்டுல பேரு இருக்கும்ல?"

"இருக்கு."

"அது போதும்ணே. நீங்க எழுதினதுதான."

பென்சிலால் எழுதினது என்று நான் சொல்லவில்லை.

திரும்பி வந்து, ஷிப்ட் முடியுமுன்பே, அவன் பெயர்மேல் மை போட்டேன். வீரம் என்று நினைக்காதீர்கள். என்னைத் தெரிந்த ஊர்க்காரர்கள் நினைக்கவும் மாட்டார்கள். தினமும் ஸ்டெல்லா வீட்டு ஜன்னலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகவேண்டும் என்ற கோழைத்தனம். அவசரத்தில் பக்கத்துப் பெயருக்கும் மை பரவியது. நாகராஜ் பார்த்தார். ரப்பரை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஆயித்து சார்" என்றார். கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வருகிற வியாழக்கிழமை லேபர் ஆபீஸில் செல்வத்துக்கு நான்தான் சாட்சி. குடியாத்தத்து ரேஷன் கார்டில் என் பெயரைப் போன மாதம் அடித்துவிட்டார்கள், ஆள் பெங்களூர்க்காரன் ஆகிவிட்டான் என்று. இங்கே இன்று காலை எனக்கு முன்பே பதிவேடு மேஜைக்கு வந்து, திறந்து கிடந்தது. முதல் பக்கம், ஆபீஸ் ஆட்களுடையது, காலையிலேயே மையில் எழுதும் பக்கம். அதில் என் பெயர் மட்டும், யாருடைய கையோ தெரியவில்லை, அழகாக, பென்சிலில் இருந்தது.