திகதிக்கு மேலே நான் இழுத்த கோடு

1. சிவப்பு லைட்

காலை ஏழு பத்துக்கு நஸ்ரியா டீச்சரிடமிருந்து கோல் வந்தது.

"காக்கா, மீட்டர்ல சிவப்பா ஒரு லைட் பத்துது. தேத்தண்ணிக் கேத்தல் மாதிரி ஒரு படம்."

"ஓடிக்கொண்டா இரிக்கிறீங்க?"

"இல்ல. லைட்டக் கண்ட உடனே ஓரமாக்கி எஞ்சின நிப்பாட்டிட்டன். ஸ்கூலுக்குக் கிட்டத்தான் நிக்கிறன்."

அந்தக் கேத்தல் படம் எஞ்சினுக்குள் ஒயில் பிரஷர் இல்லை என்று சொல்லும் படம். அதைக் கண்டால் பலர் என்ன செய்வார்கள் தெரியுமா? எப்படியாவது கராஜ் வரைக்கும் கொண்டுபோய்விடுவோம் என்று மிதிப்பார்கள். கராஜ் வரும்போது எஞ்சின் இறுகிப் போயிருக்கும். நானே ஒரு முறை என் மாமனாரின் வேனை அப்படிக் கொண்டுவந்திருக்கிறேன். மாமனார் மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை.

நான் சாய்ந்தமருதில் முப்பது வருடத்துக்கு மேல் கராஜ் நடத்தியவன். இப்போது முழங்கால் தேய்ந்து, காரின் அடியில் படுத்தால் எழுப்பிவிட இரண்டு பேர் தேவைப்படுவதால், கராஜை மருமகனிடம் கொடுத்துவிட்டு வாசலில் கதிரை போட்டு இருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் காலத்துக் கார்களுக்கு எத்தனை கிலோமீற்றருக்கு ஒருக்கா ஒயில் மாற்ற வேண்டும்? இதற்குச் சரியான பதிலை நான் ஐம்பத்தாறு வயதில்தான் படித்தேன். அன்று படித்தது ரோட்டோரத்தில். ஆகவே இது கொஞ்சம் வெட்கமான கதை.

மோட்டார் சைக்கிளில் ஒயில் கேனைக் கட்டிக்கொண்டு போனேன். டீச்சரின் சிறிய ஜப்பான் கார் ஓரமாக நின்றது. பொனட்டைத் தூக்கி, ஒயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை உருவினேன். அளவு சரி. ஆனால் நுனியில் இருந்ததை ஒயில் என்று சொல்ல முடியாது, தார். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். உள்பக்கத்தில், பால் தேத்தண்ணி ஆறினால் மேலே படியும் ஆடையைப் போல மஞ்சளாக ஒன்று அப்பியிருந்தது.

"எத்தின சேர்விஸ் விட்டீங்க டீச்சர்?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற இரண்டு ஓட்டோக்காரர்களுக்கும் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகக் கேட்டேன். பிழை யாருடையது என்பதை ஊருக்கு முதலில் அறிவித்துவிட்டால் மெக்கானிக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

"ஒண்டையும் விடல்லையே காக்கா. நீங்க எழுதித் தந்த கணக்கு இன்னும் வரல்ல" என்றார் டீச்சர். கோபம் இல்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, உள்விளிம்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார்.

என் கையெழுத்து.

2. ஐயாயிரம் பாஸ்

அந்த ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்வதற்கு முதல் என் பட்டப்பெயரைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள், கைத்தொழில் தெரிந்தவனைப் பாஸ் என்பார்கள். மேசன் பாஸ், தச்சுப் பாஸ், அப்படி. என்னை ஐயாயிரம் பாஸ் என்றார்கள்.

நான் தொழில் பழகியது பழைய டீசல் வேன்களில். அந்த வேன்களுக்கு மூவாயிரத்துக்கு ஒருக்கா ஒயில் மாற்ற வேண்டும். மாற்றும் நேரம் வந்ததா என்று பார்க்க ஒயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்ப்போம், முகர்ந்து பார்ப்போம். நாக்கில் வைத்துப் பார்க்காதது மட்டும்தான் பாக்கி. பிறகு புதுக் கார்கள் வந்தன. கூடவே தண்ணீர் மாதிரி மெல்லிய ஒயில் வந்தது. முதல் கேனைத் திறந்து பார்த்தபோது கடைக்காரன் மண்ணெண்ணெய் கலந்துவிட்டான் என்று நினைத்து அவனோடு சண்டைக்குப் போனேன். கேனின் மேல் பத்தாயிரம் கிலோமீற்றர் என்று போட்டிருந்தது. என் பழக்கம் மூவாயிரம், கேன் சொல்வது பத்தாயிரம். இரண்டுக்கும் நடுவில், சந்தையில் மீன் விலை பேசுகிறவனைப் போல, ஐயாயிரத்தில் முடித்தேன். எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. காரோடு வரும் புத்தகம் ஜப்பான் எழுத்தில் இருந்தது என்பது என் சாட்டு. அதைத் தமிழில் தந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது உண்மை போல ஆகிவிடுகிறது. கொழும்புக்கு ஓடும் வேனுக்கும் ஐயாயிரம். சவளக்கடையில் வயல் புழுதியில் ஓடும் கெப் வண்டிக்கும் ஐயாயிரம். கல்யாண வீட்டில், பலர் கூடிச் சாப்பிடும் சகன் தட்டுக்கு முன்னால் இருக்கும்போது ஒருவர் கேட்டார், கையைக் கழுவாமலே ஐயாயிரம் என்றேன்.

3. திகதி எழுதும் இடம்

ஒயில் ஏஜெண்ட் கட்டுக் கட்டாகத் தந்த ஸ்டிக்கர் அது. அடுத்த ஒயில் மாற்றத்துக்கு அதில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்றில் கிலோமீற்றர், மற்றதில் திகதி. அடியில் சின்னதாக ஆங்கிலத்தில் ஒரு வரி: விச்செவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்.

நான் எட்டாம் வகுப்போடு ஸ்கூலை விட்டவன். அந்த வரியில் எனக்கு விளங்கியது கடைசி இரண்டு சொல் மட்டும். கம் என்றால் வாறது, ஃபர்ஸ்ட் என்றால் முதல். ஆக, முதல் வருகிறவருக்கு முதல் வேலை என்று கம்பனிக்காரன் கராஜ்களுக்கு ஒழுங்கு போட்டிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல ஒழுங்குதானே. பல வருடம் அதன்படியே நடந்தேன். வரிசையை முந்தப் பார்த்த ஒரு கொந்தராத்துக்காரரிடம் ஸ்டிக்கரைக் காட்டி, "கம்பனியே எழுதியிரிக்கி, வாசிச்சிப் பாருங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவருக்கும் ஆங்கிலம் என்னளவுதான் போல, பேசாமல் போய்விட்டார்.

திகதிக் கோடு எனக்குத் தொந்தரவாக இருந்தது. அதன் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்துவிடுவேன். டீச்சரின் ஸ்டிக்கரிலும் இழுத்திருந்தேன். அதை ஒட்டிய அன்று அவர் கேட்டது எனக்கு நினைவிருந்தது.

"திகதி எழுதல்லையே காக்கா?"

"திகதி பாலுக்கும் பாணுக்கும்தான் டீச்சர். ஒயிலுக்குக் கிலோமீற்றர்தான். ஐயாயிரம் ஓடி முடியிற வரைக்கும் இந்தப் பக்கம் எட்டியும் பாக்க வேணாம்."

"அப்ப இந்த இங்கிலீஷ் வரி?"

"அது கராஜ் வரிசைக்கு."

டீச்சர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் பகிடி விடவில்லை.

இப்போது ரோட்டோரத்தில் அதே வரியைக் காட்டி அர்த்தம் சொன்னார். "எது முந்துதோ அது எண்டுதான் இரிக்கி, காக்கா. கிலோமீற்றரோ திகதியோ, முந்தி வாறதுக்கு மாத்தணும்."

மீட்டரைப் பார்த்தேன், கடைசியாக என்னிடம் வந்தது எப்போது என்று டீச்சரிடம் கேட்டேன். ஒயில் மாற்றி மூன்று வருடம் தாண்டியிருந்தது. கார் ஓடியிருந்ததோ நாலாயிரம் கூட இல்லை.

"வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். தொழிலில் நான் ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

"ரெண்டு கிலோமீற்றர் வராது."

4. "ம்"

காரைக் கயிறு கட்டி கராஜுக்கு இழுத்து வந்து அடியில் ஒயில் தேங்கி நிற்கும் சம்பைக் கழற்றினோம். ஒயிலை உறிஞ்சும் வலை, கறுத்த களியால் முக்கால்வாசி அடைபட்டிருந்தது. ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்குமோ என்று பார்த்தேன், இல்லை. விஷயம் விளங்கியது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது உள்ளே கொஞ்சம் ஈரம் பிடிக்கும், கொஞ்சம் பெற்றோலும் ஒயிலில் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகிப் போய்விடும். இரண்டு கிலோமீற்றரில் சூடாவதற்கு முன் ஸ்கூல் வந்துவிடுகிறது. மூன்று வருடமாக அந்த ஈரம் வெளியே போகவே இல்லை. குறைய ஓடுகிற காருக்குத்தான் ஒயில் சீக்கிரம் கெடுகிறது. நானோ குறைய ஓடுகிறவரைப் பார்த்து, எட்டியும் பார்க்க வேண்டாம் என்று சொன்னவன்.

உள்ளே பெரிய சேதம் இல்லை. லைட் பற்றியதும் நிறுத்தியதால்தான் எஞ்சின் தப்பியது. காப்பாற்றியது டீச்சர்.

கூட வந்திருந்த அவரிடம் இதைச் சொல்ல வாயெடுக்கும்போது, கார் நின்றதைக் கேள்விப்பட்டு அவருடைய கணவர் றிஸ்வான் கட்டாரிலிருந்து அவர் போனுக்கு வீடியோ கோலில் வந்தார். கார் அவர் அனுப்பிய பணத்தில் வாங்கியது. டீச்சர் நாற்பது வயதுக்குப் பிறகு ஓட்டப் பழகி, மூன்றாம் தடவையில் லைசன்ஸ் எடுத்தவர். எங்கள் தெருவில் தானே கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண். அதற்கு அவர் எத்தனை பேரின் வாயை வாங்கினார் என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அந்தக் கதை நடந்தது, நானும் கதைத்தேன்.

"எஞ்சினைத் தின்னுட்டியா?" என்றார் றிஸ்வான். "நான் அப்பவே சொன்னன். வாகனம் வச்சிரிக்கத் தெரியணும். காக்கா, அவ ஒயில் மாத்தாமக் கண்டபடி ஓட்டியிரிப்பா, என்ன?"

நான் "ம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எழுத்தில் ஒரே ஒரு எழுத்து. ஆனால் அதற்குள் முப்பது வருடப் பெயர் இருந்தது, ஐயாயிரம் பாஸ் இருந்தது, நான் கோடு இழுத்துக் கொடுத்த மற்ற எல்லாக் கார்களும் இருந்தன. டீச்சர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"இனி ஓட்ட வேணாம்" என்றார் றிஸ்வான். "சாவிய ஒங்கட வாப்பாட்ட குடு. ஓட்டோவுக்கு மாசத்துக்குக் கதைச்சி விடுறன். மறுகா நான் வந்து வித்துடுறன்."

டீச்சர் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பொனட்டின் மேல் வைத்தார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், என்னைப் போன்ற ஆட்களுக்கு அது சுலபம். அவர் சத்தம் போடவில்லை. பாடம் முடிந்து புத்தகத்தை மூடி வைப்பதைப் போல வைத்தார். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

"போன இங்க தாங்க டீச்சர்" என்றேன்.

5. மருந்து

"தம்பி, அவ ஒரு பிழையும் செய்யல்ல" என்று றிஸ்வானிடம் சொன்னேன். "திகதி பாத்து மாத்தணும் எண்டு நான்தான் சொல்லியிரிக்கணும். நான் திகதிய வெட்டிப்போட்டு ஐயாயிரத்துக்கு வாங்க எண்டு எழுதிக் குடுத்தன். அவ நான் எழுதினதத்தான் கேட்டா."

"அப்ப நீங்க ஓம் எண்டு சொன்னீங்களே?"

"பொய் சொன்னன். பேர் கெடும் எண்டு பயம்."

கராஜில் சாமான் வாங்க வந்த இரண்டு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கேட்கட்டும் என்று விட்டேன்.

"மறுகா ஒண்டு. லைட்டக் கண்ட இடத்துல நிப்பாட்டினபடியாத்தான் எஞ்சின் உயிரோட இரிக்கி. நீங்க ஓட்டியிரிந்தா கராஜ் வரைக்கும் மிதிச்சிரிப்பீங்க. நானும் மிதிச்சிரிப்பன்."

றிஸ்வான் நல்ல மனிதர். "அப்ப இனி என்ன செய்யிற?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஒயிலும் பில்டரும் மாத்தணும், ஓடினாலும் ஓடாட்டியும். ஆனா அது மட்டும் காணாது. இந்தக் காருக்கு ஓட்டம் காணாது, அதுதான் இதுக்கு வந்த வருத்தம். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா எஞ்சின் நல்லாச் சூடாகுற மாதிரித் தூர ஓட்டணும்."

"எவ்வளவு தூரம்?"

"பொத்துவில்."

"பொத்துவிலா? அக்கரைப்பற்று போய் வந்தாக் காணாதா காக்கா?"

அக்கரைப்பற்று பொத்துவிலில் பாதித் தூரம்கூட இல்லை, ஆனால் எஞ்சினுக்கு அதுவே தாராளம். நிந்தவூர் தாண்டும்போதே சூடாகிவிடும். ஆனால் டீச்சர் பக்கத்தில் நின்றார். சாவி இன்னும் பொனட்டின் மேல் கிடந்தது.

"காணாது" என்றேன். "பொத்துவில்தான்."

அந்த ஒரு பொய்க்கு மட்டும் இன்றுவரை நான் வருந்தவில்லை.

டீச்சரின் காரைத் திருத்தியதற்குக் கூலி எடுக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் கதிரையில் இருந்து, என் கோடு விழுந்த வாகனக்காரர் எல்லோருக்கும் கோல் எடுத்தேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "ஆங்கிலம் தெரியாட்டி யார்ட்டயும் கேக்கலாமே பாஸ்" என்றார். அந்தக் கொந்தராத்துக்காரர்தான்.

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காரோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள், வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேளுங்கள். நல்ல ஒயில் போட்டு நீண்ட தூரம் ஓடும் புதுக் காருக்குப் பெரும்பாலும் பத்தாயிரம் வரை தாங்கும். ஆனாலும் வருடத்தைத் தாண்ட விடாதீர்கள். புழுதியில் ஓடுவதற்கும் நாலு தெருவுக்குள் ஓடுவதற்கும் அதில் பாதி. எண்ணைச் சொல்வதற்கு முதல், எங்கே போய் வருகிறீர்கள் என்று கேளுங்கள். பிழை உங்களுடையது என்றால் "ம்" போடாதீர்கள்.

கார் சரியான பிறகு வந்த முதல் சனிக்கிழமை பகல், நான் கராஜ் வாசலில் இருக்கும்போது டீச்சரின் கோல் வந்தது. பதறிப்போய் எடுத்தேன்.

"லைட் பத்துதா டீச்சர்?"

"இல்ல காக்கா. பொத்துவிலுக்கு வந்துட்டன். உம்மாவும் கூட வந்திரிக்கா." காற்று போனுக்குள் இரைந்தது. "எஞ்சின் நல்லாச் சூடாகிட்டு. திரும்பட்டா, இல்லாட்டி இன்னும் கொஞ்சம் போகட்டா?"

"இன்னும் கொஞ்சம் போங்க டீச்சர்" என்றேன்.