தேக்கா வீடியோவில் இருந்தவர்

சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து வேலைக்கு ரயிலில் போகும்போது கைப்பேசியில் வேடிக்கை வீடியோ பார்ப்பது என் வழக்கம். போன மாதம் ஒன்று வந்தது. தேக்கா சந்தையில் ஒரு பெண்மணி மீன்காரரிடம், "என்ன? என்ன சொல்றீங்க?" என்று திரும்பத் திரும்பக் கத்துகிறார். அவர் முதுகுதான் தெரிந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்த அம்மாவுக்குக் காதே கேக்காது போல!" என்று எழுதி, எங்கள் தேவாலயப் பாடகர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

சற்று நேரத்தில், ஆறு வருடமாக என் பக்கத்தில் நின்று பாடும் பிலோமினா அக்கா பதில் போட்டார்: "அது நான்தான் லா. இடது காது சுத்தமா கேக்காது."

உடனே வீடியோவை அழித்தேன். மாலையில் அவர் வீட்டுக்கே போனேன்.

"அக்கா, மன்னிச்சிடுங்க."

"சத்தமா சொல்லு, இந்தப் பக்கம் வா" என்று சிரித்து, என்னைத் தன் வலப்பக்கம் உட்கார வைத்தார். "இத்தனை நாளா யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்னால சொல்லிட்டேன், நிம்மதியா இருக்கு."

இப்போதும் வீடியோ பார்க்கிறேன், சிரிக்கிறேன். ஆனால் முன்பின் தெரியாதவர்களைக் கேலி செய்யும் எதையும் யாருக்கும் அனுப்புவதில்லை. பாடும்போது, இத்தனை நாள் நின்ற இடப்பக்கத்தை விட்டு, அக்காவின் வலப்பக்கம் நிற்கிறேன். முதல் ஞாயிறே, "அட, நீ நல்லாத்தான் பாடுற!" என்றார்.