ஆகாயக் கப்பலுக்குச் சீரக எண்ணெய்

பாளையங்கோட்டைக்கு ஆகாயக் கப்பல் வந்த வருஷம் எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது. வந்தது என்றால் பறந்து வரவில்லை. பெரிய மரப்பெட்டிகளில் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டி ஏறி வந்தது. "பறக்குற சாமானை மாடு இழுக்குது பாரும் வே" என்று வண்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்களாம். மைதானத்தில் ஓலைக்கொட்டகை போட்டு அதற்குள் வைத்துப் பூட்டினார்கள். ஓட்டுகிறவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. எஞ்சினைப் பார்த்துக்கொள்ள மெட்ராஸிலிருந்து ஒரு மேஸ்திரி கூட வந்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் பறக்கும் என்று தெருத்தெருவாகத் தமுக்கடித்தார்கள்.

அந்த எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டுமாம். தூத்துக்குடியில் இறங்க வேண்டிய எண்ணெய் டின் வந்து சேரவில்லை. அதனால் கடைத்தெரு அண்ணாச்சி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். அம்மா வீட்டிலேயே ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, காய்ச்சி எண்ணெய் எடுத்துக் கொடுப்பாள். தெருவில் பிள்ளைக்கு வயிறு கட்டினாலும், யாருக்காவது கண் எரிந்தாலும் அம்மா எண்ணெய்தான்.

"தங்கச்சி, உன் எண்ணெய் ஆகாயத்துக்குப் போகப்போகுது. நல்ல எண்ணெயா ரெண்டு குடம் வேணும். நான் உன் பேரைச் சொல்லி வாக்குக் கொடுத்துட்டேன்" என்றார் அண்ணாச்சி.

அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பாள். அம்மா அடுப்பில் பெரிய உருளியை ஏற்றி, சீரகம், மிளகு, வெற்றிலை எல்லாம் எடுத்து வைப்பதை அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏளா, இது என்ன தலைக்குத் தேய்க்கிற பக்குவமா இருக்கு?"

"மேல காத்து குளிரும் மைனி. பச்சை எண்ணெயை அப்படியே கொடுத்தா நெஞ்சுல சளி கட்டிரும்."

"யாருக்கு? துரைக்கா, எஞ்சினுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு எண்ணெய் கொடுத்தால் அப்படிக் காய்ச்சித்தான் கொடுப்போம். சீரகத்தை வடிகட்டி எடுக்கவும் மாட்டோம். அடியில் கிடந்தால்தான் குணம் இறங்கும் என்பார்கள். ஊருக்கு வந்த துரையின் வண்டிக்கு வெறும் எண்ணெயைக் கொடுக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. குடத்தின் வாயை வாழையிலையால் கட்டி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். நாங்களும் போய் வேலி ஓரத்தில் நின்றோம். ஒரே சத்தம், ஒரே புகை. அந்தப் புகை வந்து மூஞ்சியில் அடித்ததும் கூட்டம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் வருகிற வாசனை. எனக்கு உச்சந்தலையில் யாரோ எண்ணெய் வைத்தது போலவே இருந்தது. அம்மா எங்கள் பக்கம் திரும்பாமல் சிரித்தாள். அப்புறம் சத்தம் இருமியது. இருமி இருமி நின்றுபோயிற்று.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க வந்தார். "தங்கச்சி, மேஸ்திரி கூப்பிடுதாரு. பைய வா. யார்ட்டயும் சொல்லாத."

சொல்லாமல் இருக்கிற ஊரா அது. நாங்கள் கொட்டகைக்குள் நுழைவதற்குள் வெளியில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. எண்ணெய்க்காரி எண்ணெயால் கப்பல் படுத்துவிட்டது, சாத்தான்குளத்திலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் வண்டி கட்டி வந்து மரத்தடியில் கிடக்கிற சனம் நாளைக்கு என்ன சொல்லும் என்று. நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். ஒரு கண்ணால் மட்டும் பார்த்தேன்.

மேஸ்திரி கருத்த, கட்டையான மனுஷன். எஞ்சினுக்கு அடியில் ஒரு தொட்டியை வைத்துவிட்டு ஒரு திருகை பையத் திருகினார். கருத்துப்போன எண்ணெய் தொட்டியில் ஒழுகியது. அப்புறம் ஒரு சின்ன பித்தளை மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து விரல் நீளத்துக்கு ஒரு சல்லடைக் குப்பியை உருவினார். எண்ணெய் எல்லாம் அதில் வடிந்துதான் எஞ்சினுக்குள் போகுமாம். அவர் அதைத் தரையில் தட்டினார். சீரகம் கொட்டியது. இன்னொரு தட்டு தட்டினார். ஒரு வெற்றிலைக் காம்பு வந்து விழுந்தது.

"இன்னாம்மா இது, எஞ்சினுக்கா ரசம் வச்சே?" என்றார்.

அம்மா தலையைக் குனிந்து நின்றாள். "குளிர்ச்சிக்குப் போட்டேன் ஐயா" என்று மெதுவாகச் சொன்னாள். மேஸ்திரி அவளையும் தரையில் கிடந்த சீரகத்தையும் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே குப்பியைப் பெட்ரோலில் கழுவிப் பார்த்தார். இடுக்கில் மாட்டின மிளகைக் கம்பியால் குத்தினார். அப்போது சல்லடை கிழிந்துவிட்டது. சிரிப்பு நின்றது.

மாற்றுக் குப்பியும் எண்ணெய் டின்னோடு தூத்துக்குடிக்கு வராமல் போன பெட்டியில்தான் இருந்ததாம். "இப்படியே பூட்டினா கசடு உள்ள போய் எஞ்சின் பிடிச்சுக்கும். யார் வீட்லயாச்சும் சன்னமா பித்தளைச் சல்லடை இருக்குமா? மாவு சலிக்கிறது?" என்று கேட்டார்.

இருந்தது. தெருவிலேயே ஒன்றே ஒன்று. அத்தையின் கலியாணச் சீதனம். முறுக்கு மாவு சலிக்க அவள் கையால் எடுத்தால்தான் உண்டு. அம்மாவுக்கே இரவல் கொடுக்க மாட்டாள். அண்ணாச்சியும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தையிடம் கேட்காமலே வீட்டுக்கு வந்து படுத்தோம்.

யார் சொல்லித் தெரிந்ததோ, மறுநாள் விடிந்ததும் அத்தையே சல்லடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொட்டகை வாசலில் போய் நின்றாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

"இந்தாரும். இது போனா இன்னொண்ணு வாங்கிக்கிடலாம். எங்க வீட்டு எண்ணெயால கப்பல் நின்னுதுன்னு பேர் வந்தா எந்தச் சந்தையில போய் மாத்த?" என்று மேஸ்திரியிடம் நீட்டினாள். நீட்டினாளே தவிர, அவர் இழுத்த பிறகும் ஒரு விநாடி விடவில்லை.

அவர் கத்தரியை வைத்தபோது அத்தை மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். துண்டு வெட்டியாயிற்று. அதைக் குழலாகச் சுருட்டி, பழைய வளையத்தில் பொருத்தித் தைக்க வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் சல்லடைக் கண் அடைத்துவிடும், கம்பியால்தான் தைக்கணும் என்றார். அவருக்கு விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய் மொத்தத்துக்கு இருந்தது. மெல்லிய கம்பியைப் பிடிக்கவே வரவில்லை.

அம்மா என்னை முன்னால் தள்ளினாள். "இவ தைப்பா. பள்ளிக்கூடத்துல லேஸ் பின்னுதா."

எனக்கு உயிர் போனது போலாகிவிட்டது. கொட்டகை நிறைய ஆம்பிளைகள். நான் அந்தக் கம்பியையும் குப்பியையும் வாங்கிக்கொண்டு இறக்கைக்கு அடியில் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டி ஓலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அதன் பிறகு கூச்சம் தெரியவில்லை. லேஸ் நூல் மாதிரித்தான் கம்பியும் வளைந்தது. ஒரு கண் விட்டு ஒரு கண் கோத்து, முனையை உள்ளே மடக்கி அமுக்கினேன். முடிந்ததும் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினேன். மேஸ்திரி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "துரை, இது அசலை விட நல்லாகீது" என்று சொன்னது காதில் விழுந்தது. துரைக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சொன்னதுதான்.

அம்மா இதற்குள் வீட்டில் விளக்குக்கு வைத்திருந்த வெறும் எண்ணெயைக் கொண்டுவந்து, மல் துணியை நாலாக மடித்து அதில் வடித்துக்கொண்டிருந்தாள். ஒரு குடம் வடிய மத்தியானம் ஆகிவிட்டது. துணியில் ஒன்றும் தங்கவில்லை. மேஸ்திரி குப்பியைச் சொருகி, மூடியைத் திருகி, எண்ணெய் ஊற்றினார்.

சாயங்காலம் எஞ்சின் சத்தம் கிளம்பியது. அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தியது. புகை வந்தது. இந்தத் தடவை சீரக வாசனை இல்லை, சுத்தமான விளக்கெண்ணெய் வாசனை. முன் வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். மாசத்துக்கு ஒருதடவை அதைக் குடித்தவர்கள்தானே, பேதிக்குக் கொடுக்க யாரோ வருகிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

"இன்னைக்குக் காத்து அடிக்கிற பக்கம் எல்லாருக்கும் வயிறு சுத்தமாயிரும்" என்றாள் அத்தை.

சத்தம் இருமவில்லை. கப்பல் ஓடியது, குதித்தது, இன்னும் ஓடியது. அப்புறம் அதன் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பனைமரத்துக்கு மேலே போய், ஆற்றுப் பக்கம் வளைந்து, வயலுக்கு மேல் சின்னதாகி, திரும்பி எங்கள் தலைக்கு மேலேயே வந்தது. அத்தை கழுத்தை நிமிர்த்திப் பார்த்தபடியே, பக்கத்தில் நின்ற சேரன்மகாதேவிக்காரியிடம், "அங்கன போகுது பாரும், எங்க வீட்டுச் சல்லடை" என்றாள். அவள் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டினாள்.

இறங்கின பிறகு மேஸ்திரி அம்மாவைக் கூப்பிட்டார். மறுபடியும் மூடியைக் கழற்றி, குப்பியை உருவிக் காட்டினார். ஒரு தூசி இல்லை. என் தையல் அப்படியே இருந்தது.

அம்மா அப்போதும் நிமிரவில்லை. போகலாமா என்பதுபோல நின்றாள். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, கொஞ்சம் குரலை இறக்கிச் சொன்னார்.

"அம்மா, அந்தச் சீரக எண்ணெய் மிச்சம் கீதா?"

"எதுக்கு ஐயா?"

"எனக்குத்தான். இந்தச் சத்தத்துல நின்னு நின்னு ராவுல தூக்கமே இல்ல. நேத்து அந்த வாசனை வந்ததும் எங்க அம்மா தலைக்குத் தேய்ச்சுவிட்டது ஞாபகம் வந்துருச்சு."

அம்மா முகம் அப்போதுதான் மலர்ந்தது. வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்ததை ஒரு சீசாவில் ஊற்றினாள். சீரகத்தை எடுக்கவில்லை. இன்னும் ஒரு பிடி எடுத்து மேலே போட்டாள்.