கரும்புத் தொட்டிலின் மறுமுனை

நம்புகிறவர்கள் நம்பலாம், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். இது எனக்கு நடந்தது. சாமி மேல் சத்தியம் செய்ய மாட்டேன். அவரோடு எனக்கு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

போன கார்த்திகை தீபத் திருவிழா, தேரோட்ட நாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். ஊசி, மாத்திரை, ஸ்கேன் என்று அலைந்து, மூன்றாவது முறையாக டெஸ்ட் டியூப் சிகிச்சை. கருவை உள்ளே வைத்துப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. அன்று காலை 5.10-க்கு வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். இரண்டு கோடு. கணவர் முருகவேலிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை.

திருவண்ணாமலையில் வேண்டிப் பிள்ளை பெற்றவர்கள், கரும்பில் புடவையைத் தொட்டிலாகக் கட்டி, குழந்தையைக் கிடத்தி மாட வீதி சுற்றுவார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். முன்பு நாத்தனார் சரோஜா தன் பிள்ளைக்குக் கட்டியபோது உதவப் போனேன். "நீங்க தொடாதீங்க அண்ணி" என்றாள். இன்னும் ஆறவில்லை எனக்கு.

மாலை 5.50. மாட வீதியில் திருவூடல் தெரு. கூட்டத்தில் கணவரைத் தவறவிட்டேன். முன்னால் பச்சைப் புடவையில் ஒரு பெண், தோளில் கரும்புத் தொட்டில். பின்முனை தரையில் இழுபட்டது.

"கொஞ்சம் பின்னாடி புடிங்கக்கா."

அவள் திரும்பவில்லை. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் என்னையும் ஒருத்தி தொட்டில் தூக்கக் கூப்பிடுகிறாளே... தோளில் வைத்தேன். கனமே இல்லை. தொட்டில் காலி.

"குழந்தை எங்கம்மா?"

"வந்துடும்."

நடந்தோம். கூட்டம் என்னை இடித்தது. அவளை யாரும் இடிக்கவில்லை.

6.12. கோயிலின் மேற்கு வாசல், பே கோபுரம். மேளச் சத்தம் நின்றுபோனது. அவள் கொலுசு மட்டும்... சல்... சல்...

"பதிமூணு நாள் ஆச்சில்ல?" என்றாள்.

இவளுக்கு எப்படித் தெரியும்?

கரும்பு கனத்தது...

தொட்டிலுக்குள் ஏதோ புரண்டது.

அடிவயிறு சுருக்கென்றது.

கரும்பை விட நினைத்தேன். கை வரவில்லை.

"போதுங்கக்கா."

6.20. தோளில் கரும்பு இல்லை. அவளும் இல்லை. காலில் ஈரம்...

ரத்தம்.

மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "கரு தங்குச்சும்மா. ஆனா நிலைக்கல." கனம் தூக்கியதாலா என்று அழுதேன். அதனால் இல்லை என்றார். அவருக்கு எதுவும் தெரியாது.

ஒரு வாரம் கழித்து முருகவேல் செல்போனை நீட்டினார். எதிர்ப் பக்கம் நின்று எடுத்த வீடியோ.

"நீ தொட்டில் தூக்குனதப் பாத்து சந்தோஷத்துல எடுத்தேன். அப்ப கவனிக்கல."

27 நொடி. பே கோபுரத்தின் முன்னால் நான் நடக்கிறேன். கரும்பு சாயாமல் நேராகப் போகிறது. முன்முனையைப் பிடித்தபடி யாரும் இல்லை.

கடைசி மூன்று நொடி... தொட்டிலுக்குள்ளிருந்து பச்சைக் குழந்தையின் அழுகை.

அழிக்கச் சொல்லி மன்றாடினேன். அவர் கேட்கவில்லை. தினமும் காதோடு வைத்துக் கேட்கிறார்.

"நம்ம புள்ள குரல் வேதா. இதையும் அழிக்கச் சொல்றியா?"