மலைக்குப் பின்னால் வளர்ந்த மேகம்

ஸ்கைலாப் விண்கலம் தலையில் விழப்போகிறது என்று பயந்து ஊரே ஆட்டையும் கோழியையும் அறுத்துத் தின்று தீர்த்த வருஷம், எழுபத்தொன்பது. அது எங்கேயோ போய் விழுந்தது. பிழைத்ததற்காக அண்ணாமலை உச்சியில் கற்பூரம் ஏற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டான் என் தங்கை புருஷன் ஏழுமலை. அந்த ஆடியிலேயே கிளம்பினோம். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். மலையேறத் திட்டம் போடுகிறவர்கள் படியுங்கள்.

வழிகாட்டக் குப்புசாமி, கூலி மூன்று ரூபாய். விடிந்ததும் வருகிறேன் என்றவன் பதினோரு மணிக்கு வந்தான். காலையில் வானத்தில் சீவிவிட்ட முடி போல மெல்லிய கீற்றுகள்தான். ரொம்ப உயரத்தில் உறைந்த நீர் அது, சொட்டு மழை தராது. பதினோரு மணிக்குள் தரை காய்ந்து, சூடான காற்று மேலே போய்க் குளிர்ந்து, பஞ்சுக் குவியல் கட்டிவிட்டது. அது பக்கவாட்டில் படர்ந்தால் பயமில்லை. உயரமாக வளர்ந்தால்தான் பயப்பட வேண்டும்.

மலைக்கு மேற்கே அடி அண்ணாமலையில், தங்கை வீட்டு வாசலிலேயே அவள் மறித்தாள்.

"அண்ணா, மேற்கால செங்கம் பக்கம் பாரு. இப்பதான் பானை உசரம் இருந்துச்சு, அதுக்குள்ள கோபுரமாட்டம் ஏறிடுச்சு. நாளைக்குப் போங்களேன்."

"பயமா இருந்தா நீ உள்ள போய் மல்லாட்டை உரி," என்று முறத்தில் கிடந்த வேர்க்கடலையைக் காட்டினேன். மச்சான் சிரித்தான்.

"இன்னாம்மா நீ, இது நெருப்பு மலை. நெருப்பு மேல எங்கயாச்சும் இடி விழுமா?" என்றான் குப்புசாமி.

பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு. நம்பித் தொலைத்தோம்.

மலையைச் சுற்றி ஆறு கிலோமீட்டர் நடந்து, பெரிய கோயிலுக்குப் பின்னாலிருந்து பன்னிரண்டேகாலுக்கு ஏறினோம். அது கிழக்குச் சரிவு. மேற்கு வானத்தை மலையே மறைத்துவிடும். யாரும் சொல்லித்தராத சங்கதி இது. மூன்றரை மணி நேரமும் எங்கள் மேல் நல்ல வெயில். உச்சியில் மட்டும் சின்னதாக ஒரு வெள்ளை மேகம். காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்தால் அப்படி உட்காரும்.

"சாமி தலைப்பா கட்டிக்கினு கூப்பிடறாரு, வாங்க," என்றான் குப்புசாமி.

மூன்றே முக்காலுக்கு உச்சி. அந்த வெள்ளை மேகம் கலைந்திருந்தது. மேற்கே பாதி வானத்தைக் காணோம். அடி மையாகக் கறுத்து, தலை கொல்லன் பட்டறைக்கல் போலத் தட்டையாக விரிந்து நின்றது. இடி மேகம்.

"மச்சான், இறங்குடா!"

"ரெண்டே நிமிஷம், ஏத்திட்டு வந்துடறேன்."

முதல் ஆளாக ஓடியவன் குப்புசாமி. நான் முப்பது அடி இறங்கியிருப்பேன். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. திரும்பி ஓடினேன். மச்சான் குப்புறக் கிடந்தான். தீப்பெட்டி கையிலேயே இருந்தது.

இப்போது அனுமதி இல்லாமல் உச்சிக்கு விடுவதில்லை. கிடைத்தால் விடியலில் ஏறிப் பதினோரு மணிக்குள் இறங்குங்கள். ஏறுமுன் செங்கம் சாலைக்கு வந்து மேற்கைப் பாருங்கள். நெருப்பு மலையில் இடி விழாது என்று இன்றும் ஒருவன் சொல்வான். அவனை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

குப்புசாமி வயதாகி, பாயில் படுத்துச் சுகமாகச் செத்தான். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வாசலில் நின்ற நாலு பேரில் என்னைத் தவிர மிச்சம் ஒருத்திதான். வானத்தைச் சரியாகப் பார்த்தவள். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். என் தங்கை பச்சையம்மாள்.