குரலை இடம் மாற்றிய நாள்

பழைய கணினி சாகப் போகிறது என்று முதலில் தெரிந்துகொண்டது என் மனைவிதான். ஆனால் அதை எனக்குச் சொல்ல அவளுக்கு அந்தக் கணினியே வேண்டியிருந்தது. பொத்தானை அமுக்கியிருக்கிறாள், சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கியிருக்கிறாள். நான் சமையலறையில் அவளுக்குக் குழாயில் ஊற்றக் கஞ்சி அரைத்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தபோது திரை நீலமாகக் கிடந்தது, அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எவ்வளவு நேரம் கூப்பிட்டாளோ தெரியாது. அன்று வந்த கோபத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி வீட்டுக்கு முன்னால் ஓடும் சாக்கடையில் எறிந்திருப்பேன். அவளுடைய குரல் அதற்குள் இருந்ததால் எறியவில்லை.

அவளுக்கு வந்தது நரம்பு நோய். பெயர் நீளமானது, மருந்து கிடையாது. கால் போயிற்று, கை போயிற்று, அடுத்து நாக்கு போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பெரிய மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், "பேச்சு இருக்கும்போதே வேண்டியதைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றாள். எனக்கு அவள் மேல் எரிச்சலாக வந்தது. இருக்கிற பேச்சைக் காப்பாற்ற வழி சொல்லாமல், போகப் போவதற்குப் பெட்டி கட்டச் சொல்கிறாளே என்று. என் மனைவி மட்டும் உடனே தலையாட்டினாள்.

அவள் ஸ்கூடாயில் ஒரு பேரங்காடியின் வாடிக்கையாளர் கவுண்டரில் வேலை பார்த்தவள். காணாமல் போன பிள்ளை, விளக்கு அணைக்காமல் விட்ட கார், அன்றைக்கு மலிவான கோழி, எல்லாவற்றையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒலிபெருக்கியில் அறிவித்தவள். மைக்கைக் கண்டால் அவளுக்கு முதுகு நிமிர்ந்துவிடும். பதிவு செய்ய உட்கார்ந்த அன்று, வாயாலேயே "டிங் டாங்" என்று மணி அடித்துவிட்டு, "தண்ணி வேணும்" என்றாள். நானும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கிறது.

அப்படி ஒரு வாரம் உட்கார்ந்து பதிந்தாள். வலிக்குது. திருப்பிப் படுக்க வைங்க. பசிக்குது. கறியில உப்பு கம்மி. ஃபேனை நிறுத்துங்க. தாதிகளுக்காக மலாயில், வலி என்பதற்கு "சாகிட்", உதவி என்பதற்கு "தோலோங்". எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகளுக்காக "சாப்டியா?", "பாலத்துல பாத்து போ". எனக்கென்று தனியாக "அலமாக்" என்று ஒரு மலாய் ஐயையோ, நான் ஏதாவது கோமாளித்தனம் செய்யும்போது உபயோகிக்க. மாதா கோயில் ஜெபக் குழுவுக்காக ஒரு "ஆமென்". அவர்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்தால் லேசில் முடிக்க மாட்டார்கள். நடுவில் இவள் பொத்தானை அமுக்கி "ஆமென்" என்பாள், அவர்களும் வேறு வழியில்லாமல் எழுந்துகொள்வார்கள். எனக்கு அந்தக் குழுவின் மேல் இருந்த வருத்தமெல்லாம் அந்த ஒரு ஆமெனில் தீர்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று பதிந்தாள். "வாங்க, வீட்டுக்குப் போலாம்." இதற்கு மட்டும் டிங் டாங் இல்லை. கல்யாண வீடுகளில் அவள் என்னிடம் சொல்வது அது. சாப்பிட்டு முடித்துக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, என் சட்டையின் முழங்கையைப் பிடித்து இழுத்துச் சொல்வாள். நான் யாருடனாவது கதை பேசிக்கொண்டிருப்பேன். "இரு, அஞ்சு நிமிஷம்" என்பேன். பொந்தியானில் ஒரு கல்யாணத்தில், நாற்காலிகளை எல்லாம் அடுக்கி முடித்த பிறகும் நான் பேசிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தூணில் சாய்ந்து நின்றபடி கைப்பையோடு தூங்கிப் போயிருந்தாள். அந்த அலுப்பு அப்படியே பதிவில் விழுந்திருந்தது.

இந்தப் பதிவுகளைக் கூப்பிடும் முறை இப்படி. திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கும். ஒரு மஞ்சள் சதுரம் ஒவ்வொரு கட்டத்திலும் சற்று நின்று, அடுத்ததற்கு நகரும். வேண்டிய கட்டத்துக்கு அது வரும்போது அவள் கட்டைவிரலால் பொத்தானை அமுக்க வேண்டும். ஸ்பீக்கரில் அவள் பேசுவாள். பொத்தான் என் கைவேலை. நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் இருந்தவன். கழித்துப் போட்ட இயந்திரம் ஒன்றின் பச்சைப் பொத்தானை எடுத்து, பழைய மவுஸ் ஒன்றைப் பிளந்து, அதன் வயரோடு பற்றவைத்தேன். என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

திரை நீலமானதும் பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு கணினிக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சீனர், பல வருடப் பழக்கம். திறந்து, தூசி தட்டி, எதையோ கழற்றித் துடைத்து மாட்டி, எப்படியோ கண் திறக்க வைத்துவிட்டார். "அங்கிள், நாளைக்கு ஓடும்னு நான் சொல்ல மாட்டேன். உள்ள இருக்கறத எல்லாம் சீக்கிரம் எடுத்துடுங்க" என்று மலாயில் சொன்னார். என் பொத்தான் வயரின் வட்ட முனையைப் பார்த்துவிட்டு, இதைச் செருகும் ஓட்டை இப்போது வரும் எந்தக் கணினியிலும் கிடையாது என்றும் சொன்னார்.

சனிக்கிழமை மகள் சிங்கப்பூரிலிருந்து புதுக் கணினியோடு வந்தாள். பாலத்தில் நெரிசலில் நின்று நின்று முகம் வாடியிருந்தது. அந்தக் களைப்பிலும் சந்தோஷமாகப் பிரித்து மாட்டினாள்.

"அப்பா, இதுல பதிவே வேணாம். எதை டைப் பண்ணாலும் அதுவே தமிழ்ல பேசும். அம்மாவுக்கு ஈஸி லா" என்றாள்.

போட்டுக் காட்டினாள். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று ஒரு பெண் பேசினாள். செய்தி வாசிப்பவளுக்குத் தாகம் எடுத்தது போல இருந்தது. என் மனைவி கண்ணை மேலே தூக்கினால் சரி, மூடினால் வேண்டாம் என்று எங்களுக்குள் ஒரு பழக்கம். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் பெண் வாயை மூடும்வரை திறக்கவில்லை.

"சரிம்மா, சரிம்மா. உங்க வாய்ஸே போடறேன்" என்றாள் மகள்.

நான் புது மவுஸ் ஒன்றை வாங்கி வந்து பிளந்தேன். கண் முன்னைப்போலத் தெரியவில்லை, விரலில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன். பச்சைப் பொத்தானைப் புது வயரோடு பற்றவைத்து அவள் கட்டைவிரலுக்குக் கீழே வைத்தேன். மகள் பதிவுகளைப் பழையதிலிருந்து பிரதி எடுத்தாள். பழைய கணினி முனகிக்கொண்டே கொடுத்தது. ஒவ்வொரு கோப்பாக வந்து சேர்ந்தது. எல்லாம் முடிந்ததும் நான் மூச்சு விட்டேன். ஆனால் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது.

அவள் விரல் தளர்ந்திருந்தது. பழைய வேகத்தில் மஞ்சள் சதுரம் நகர்ந்தால் அவளால் பிடிக்க முடியவில்லை. வேகத்தைக் குறைத்தோம். அப்படிக் குறைத்தால், இருக்கிற கட்டங்களை எல்லாம் சுற்றி வருவதற்குள் வலிக்குது என்பவளுக்கு வலி தலைக்கேறிவிடும். கட்டங்களைக் குறைப்பது தவிர வேறு வழியில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று மகள் என்னைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பதிவாகப் போட்டோம். எது புதுக் கணினியின் திரைக்குப் போக வேண்டும் என்று அவள் கண்ணால் சொல்ல வேண்டும்.

"கறியில உப்பு கம்மி" என்றது ஸ்பீக்கர். அவள் கண்ணை மூடினாள். வயிற்றில் குழாய் போட்ட பிறகு அவள் நாக்கில் எதுவும் படவில்லை. "பசிக்குது" வந்தது. அதற்கும் மூடினாள். "ஃபேனை நிறுத்துங்க." மூடினாள். "யாரு வந்துருக்காங்க?" மூடினாள். அவள் குரல் கணீரென்று கேட்கும், அவளே அதை வேண்டாம் என்பாள். கடையைக் காலி பண்ணுகிறவர்கள் ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்து ஒதுக்குவது போல, துளிகூடத் தயங்காமல் ஒதுக்கினாள். எனக்குத்தான் தாங்கவில்லை. எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். ஆயர் ஈத்தாமில் அவள் வாங்கிய பூச்சாடியில் செடி காய்ந்து கிடந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றுகூட அவளால் இனி சொல்ல முடியாது, அந்தப் பதிவையும் ஒதுக்கியிருந்தாள்.

"சாப்டியா?" வந்தபோது கண் மேலே போனது. மகள் அழுதுவிட்டாள். "ஆமென்" என்றதும் இன்னும் வேகமாகப் போனது. "அதானே, அத விடுவியா" என்றேன். அவள் கண் சிரித்தது. "அலமாக்" இருக்கட்டும் என்றாள். நான் இன்னும் திருந்தவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு அது வந்தது. "வாங்க, வீட்டுக்குப் போலாம்."

கேட்காமலேயே நான் அதை ஒதுக்கினேன். "இது எதுக்கு? வீட்டுலதானே இருக்கே. கல்யாண வீட்டுக்கா கூட்டிட்டுப் போறேன் உன்ன?" என்று கேலி செய்தேன். மகளும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அவள் சிரிக்கவில்லை. கண்ணை மேலே தூக்கினாள். தூக்கியபடியே வைத்திருந்தாள். நான் அடுத்த பதிவைப் போட்டேன், அவள் அதைக் கவனிக்கவே இல்லை. கண் இறங்கவில்லை, வெள்ளை விழி சிவந்து போயிற்று. "சரி சரி, வைக்கிறேன், வைக்கிறேன்" என்று அதைக் கடைசிக் கட்டத்தில் போட்டேன். அப்போதுதான் இறக்கினாள். பிடிவாதக்காரி, பழைய ஞாபகத்தில் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு ஏறவில்லை, ஆம்புலன்சில் கொண்டு போனோம். முகத்தில் ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தாள். மூன்றாம் நாள் மருத்துவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். இளம் மலாய்ப் பெண், பொறுமையாகப் பேசினார். தொண்டையில் துளையிட்டு மூச்சுக் கருவியோடு இணைக்கலாம், இணைத்தால் உயிர் தங்கும், ஆனால் பிறகு அந்தக் கருவியை விட்டு எடுக்க முடியாமல் போகலாம் என்றார். இணைக்காவிட்டால் என்று தொடங்கி, அதை முடிக்காமல் விட்டார்.

"போடச் சொல்லுங்க அப்பா. எப்படியிருந்தாலும் பரவால்ல, அம்மா இருந்தா போதும்" என்றாள் மகள்.

எனக்கும் அதேதான். அவள் எப்படியாவது இருக்க வேண்டும், பேசாவிட்டாலும் அசையாவிட்டாலும் அந்தக் கட்டிலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனாலும், "அம்மாவைக் கேக்கணும்" என்றேன்.

வீட்டுக்குப் போய்ப் புதுக் கணினியையும் பச்சைப் பொத்தானையும் எடுத்து வந்தேன். கட்டைவிரலுக்குக் கீழே பொத்தானை வைத்தேன். மருத்துவர் கால்மாட்டில் நின்றார். துளை போடுவதைப் பற்றி, கருவியைப் பற்றி, ஒன்றையும் மறைக்காமல் தமிழில் அவளிடம் சொன்னேன். "போடலாமா?" என்று கேட்டேன். கண்ணை மேலே தூக்குவாள் என்று எதிர்பார்த்தேன். மேலேயும் தூக்கவில்லை, மூடவுமில்லை. திரையைப் பார்த்தாள். மஞ்சள் சதுரம் கட்டம் கட்டமாக நகர்ந்து கடைசிக் கட்டத்துக்கு வந்தது.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்."

வார்டில் அந்தக் குரல் சத்தமாகவே கேட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவி திரும்பிப் பார்த்தாள்.

"இல்லப்பா, கை தெரியாம பட்டுருச்சு. அம்மா, கை பட்டுருச்சு இல்ல? இன்னொரு தடவ பாருங்கம்மா" என்றாள் மகள். குரல் கிறீச்சிட்டது.

சதுரம் மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. தண்ணி வேணும் என்ற கட்டத்தில் நின்றது. வலிக்குது. திருப்பிப் படுக்க வைங்க. தோலோங். அந்தக் கட்டத்தில் அமுக்கிவிடு, அமுக்கிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவள் விரல் அசையவில்லை. சாப்டியா? ஆமென். அலமாக். நான் வேகத்தைக் குறைத்து வைத்த சனியன் பிடித்த சதுரம், ஒவ்வொரு கட்டத்திலும் நின்று நின்று போயிற்று. மகள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கட்டம் மஞ்சளானது. பச்சைப் பொத்தான் இறங்கியது.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்."

மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று மகளிடம் கேட்டார். மகள் அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்யத் தொடங்கினாள். மருத்துவர் என்னைப் பார்த்தார்.

அந்தக் குரலில் பயமோ அழுகையோ எதுவும் இல்லை. தோளில் கைப்பை, எழுந்து நின்ற கால், என்மேல் கொஞ்சம் அலுப்பு. அவள் நல்லபடியாக இருந்த நாளில் பதிந்த குரல். இந்தக் கட்டிலை மனதில் வைத்துத்தான் அன்றைக்கு டிங் டாங் போடாமல் பதிந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் கண் இப்போது திரையில் இல்லை, என்மேல் இருந்தது. "இரு, அஞ்சு நிமிஷம்" என்பது என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முப்பது வருடப் பழக்கம். அதை விழுங்கிவிட்டு, என் மனைவி வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள் என்று மருத்துவரிடம் மலாயில் சொன்னேன்.